மலையிறக்கமும் பழைய பிரேக் ஒயிலும்

நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பழைய மாருதி 800இன் பெடல் மெத்தென்று அமுங்குகிறதா? பிரேக் பேட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும்! புது டொட் 3 (DOT 3) ரக ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால், இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடாகும்போது 140 பாகையிலேயே கொதிக்கலாம். அப்புறம் குழாய்க்குள் ஆவிக்குமிழி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

ஒயில் பிளேன்டீ நிறத்துக்குக் கறுத்திருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். கறுக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டொட் 3க்குப் பதில் டொட் 4 ஊற்றலாம். டொட் 5 சிலிக்கோன் ஒயில், கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். எப்போதோ திறந்த போத்தலும் வேண்டாம். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது மேலே உள்ள ஒயில் டப்பா வற்றக்கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.