எஃகா, அலுமினியமா, கார்பனா: ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

எஃகு பிரேம் (சைக்கிளின் குழாய்ச் சட்டம்) மென்மையாக ஓடும், அலுமினியம் எலும்பை உலுக்கும், கார்பன் இழையாலான பிரேம் அதிர்வை விழுங்கிவிடும் என்று சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிப் பணத்தைக் கொடுக்கும் முன், சாலையின் குலுக்கல் எந்த வழியாக உடலுக்கு வந்து சேர்கிறது என்று பார்ப்பது அவசியம். பிரேம் இரண்டு முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து கீழாக அழுத்தும் விசைக்கு அது மிகமிகக் குறைவாகவே வளைந்துகொடுக்கும். டயரோ பல மில்லிமீட்டர் அமுங்குகிறது; அதற்கடுத்துச் சீட்டும், சீட்டைத் தாங்கும் தண்டும் அசைந்துகொடுக்கின்றன. ஆகவே 23 மி.மீ. டயரில் காற்றை இறுக்கி நிரப்பிய எஃகு வண்டியைவிட, 32 மி.மீ. டயரில் அளவாகக் காற்றடைத்த அலுமினிய வண்டி சுகமாக ஓடுவதில் வியப்பில்லை.

அலுமினியத்தின் கெட்ட பெயருக்குக் குழாயின் பருமனே பெரிதும் காரணம். அந்த உலோகத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 1980களில் அயர்லாந்து சைக்கிள் பந்தய வீரர் ஷான் கெல்லி ஓட்டிய விட்டுஸ் நிறுவனத்தின் அலுமினிய பிரேம், ஒல்லியான குழாய்களால் ஆனதால், நெகிழ்ந்துகொடுப்பதற்கே பெயர் பெற்றிருந்தது. அதே பத்தாண்டில் கேனன்டேல் நிறுவனம் பருத்த குழாய்களைக் கொண்டு செய்த அலுமினிய பிரேம்கள் மிக விறைப்பானவை என்று பேசப்பட்டன. சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு சுமார் எட்டு மடங்காகிறது என்பதே இதன் கணக்கு.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் உங்களிடம் இப்போது இருக்கும் வண்டியிலேயே காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. (காற்றடிக்கும் பம்பின் அளவுமானி காட்டும் அலகு) குறைத்து, பழகிய சாலையில் ஓட்டிப் பாருங்கள்; டயரில் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அந்த மாற்றம் உடலுக்குப் பழகிய பிறகே கடைக்குச் செல்லுங்கள். அங்கே ஒப்பிடும் இரு வண்டிகளும் ஒரே அளவில், ஒரே அகல டயருடன், ஒரே காற்றழுத்தத்தில், உங்கள் உயரத்துக்கேற்ற சீட் அமைப்பில் இருக்க வேண்டும். சொரசொரப்பான தார், வேகத்தடை, ஒரு மேடு ஆகிய மூன்றும் உள்ள வழியில் ஒவ்வொன்றையும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். உள்ளங்கை, இருக்கை, பாதம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். கையில் மட்டும் அதிர்வு தெரிந்தால், பிரேமைக் குறை சொல்லும் முன் ஹேண்டில்பாரையும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும்.

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் பிரேமின் இயல்பு தெளிவாகத் தெரியும். பெடலுக்கு அருகே பிரேம் பக்கவாட்டில் சற்றே நெளிவது சிலருக்குத் தாளம் போல இனிக்கும். வேறு சிலருக்கு வலிமை வீணாவதாகத் தோன்றும். இரண்டும் நியாயமான விருப்பங்களே. எடை மிகுந்தவருக்கு அந்த நெளிவு கூடுதலாகத் தெரியும். ஒல்லியான குழாய்களாலான எஃகையே நான் விரும்புகிறேன். ஆனால் அதன் எடையை மாடிப்படியில் நாள்தோறும் தூக்கவேண்டியவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடற்காற்று வீசும் ஊரில் எஃகுக் குழாயின் உட்புறம் துருப்பிடிக்கும்; டைட்டானியத்துக்கு அந்தக் கவலை இல்லை, விலைதான் தடை. கார்பன் பிரேம் கீழே விழுந்து அடிபட்டால், விரிசல் வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கக்கூடும்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த உடனே, விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, உடல் உணர்ந்ததை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.