தளபதியான மல்யுத்த வீரர்: வினாத்தாளில் ஏற்றும் முன்

பள்ளி வினாடி வினாப் போட்டிகளுக்குக் கேள்வி எழுதித் தருபவன் நான். ‘ஒலிம்பிக்கில் வென்று படை நடத்திய கிரேக்கர் யார்?’ என்று கேட்டால் விவரம் தெரிந்த பிள்ளைகள் மிலோ என்பார்கள். பதில் சரிதானா என்று முதலில் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று பாருங்கள். தென் இத்தாலியில் இருந்த கிரேக்க நகரமான குரோட்டோனைச் சேர்ந்த மிலோ ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஆறு முறை வென்றவர். கி.மு. 510இல் சிபாரிஸ் நகரத்துடன் நடந்த போரில் ஆறு வெற்றி மாலைகளையும் சூடி, சிங்கத்தோல் போர்த்தி, கையில் கதாயுதத்துடன், புராண வீரன் ஹெராக்ளிஸ் வேடத்திலேயே படைக்கு முன்னால் போனாராம். இதைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் வாழ்ந்தது 400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. எதிரிகள் மூன்று லட்சம் பேர் என்கிறார். அந்த எண்ணை நான் வினாத்தாளில் தொடவே மாட்டேன்.

அடுத்து, யார் பேசாமல் விட்டார் என்று தேடுங்கள். டியோடோரஸுக்கு நெடுங்காலம் முந்தைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குடியேறிய தூரியை நகரம், அழிந்த சிபாரிஸுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. அந்தப் போரைப் பற்றி இரு தரப்பும் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். அங்கே மிலோவின் பேரே இல்லை. ஆளைத் தெரியாதவரும் அல்லர். டெமோசிடீஸ் என்ற மருத்துவர் பெரும்பணம் கொடுத்து மிலோவின் மகளை மணக்க முயன்றதை வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே ‘டியோடோரஸ் கூற்றுப்படி’ என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் இந்தக் கேள்வியை அனுப்பாதீர்கள்.

பதவியையும் அளந்து பாருங்கள். மிலோவின் ஊரான குரோட்டோனைச் சேர்ந்த விளையாட்டு வீரர் ஃபாயில்லஸ் கி.மு. 480இல், பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போருக்கு வந்தார். ஹெரோடோட்டஸே சொல்வதால் நம்பலாம். ஆனால் அவர் தலைமையில் இருந்தது ஒரே ஒரு கப்பல். ‘கடற்படைத் தளபதி’ என்று எழுதினால் மிகை. அவர் மூன்று முறை வென்றதும் டெல்ஃபி விளையாட்டில்தான், ஒலிம்பிக்கில் அல்ல.

தேர்ப் பந்தயம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஏதென்ஸ் நகரத்து அல்சிபியாடீஸ் கி.மு. 416 ஒலிம்பிக்கில் ஏழு தேர்களை இறக்கி வென்றார், மறு ஆண்டு சிசிலிப் படையெடுப்புக்குத் தளபதியானார். வெற்றி மாலை தேரின் சொந்தக்காரருக்குத்தான். கடிவாளம் பிடித்தவர் வேறு ஆள். ஆகவே அல்சிபியாடீஸை விளையாட்டு வீரர் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

இறுதிச் சுற்றுக்கு ஃபிலோபோமெனை வைத்துக்கொள்ளுங்கள். இளமையில் நல்ல மல்யுத்தக்காரர். விளையாட்டு வீரனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும், சிப்பாய்க்குப் பசியும் விழிப்பும் பழக வேண்டும் என்று கேட்டறிந்ததும் மல்யுத்தத்தையே விட்டுவிட்டார் என்கிறார் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூடார்க். பிறகு கிரேக்க நகரங்கள் சேர்ந்த அகேயக் கூட்டணியின் தளபதியானார்.