சரளமாக வாசிக்கிறாள், கேட்டால் சொல்லத் தெரியவில்லை: வீட்டிலேயே பழக்குவது எப்படி?

என் மகள் ஆறாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள், பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கும் சரியாக எழுதிவிடுவாள். காலாண்டுத் தேர்வில் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தி வந்தது. ஐந்து கேள்வியில் மூன்று தப்பு. அதற்குப் பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவளையும் தெருப் பிள்ளைகள் நான்கு பேரையும் உட்காரவைத்து ஆறு மாதம் செய்து பார்த்தேன். பலன் தந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வாக்கியத்தை வாசியுங்கள்: "மெட்டிலன் நேற்று சுவளியில் ஞெமிலையைத் துவறினான்." ஞெமிலையைத் துவறியது யார்? மெட்டிலன். எங்கே துவறினான்? சுவளியில். இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். ஆனால் இதில் அர்த்தம் என்று ஒன்றுமே கிடையாது, "நேற்று" தவிர எல்லாம் நான் இட்டுக்கட்டிய சொற்கள். பல பிள்ளைகள் பாடத்துக்குப் பதில் எழுதுவது இப்படித்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

படி 1: கோளாறு எங்கே என்று பாருங்கள்

ஒரே அளவு கடினமான இரண்டு பத்திகள் எடுங்கள். ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். இன்னொன்றைப் பிள்ளையே வாசிக்கட்டும். நீங்கள் வாசித்தால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துக்கூட்டுவதிலேயே அதன் கவனம் தீர்ந்துபோகிறது. அந்தப் பிள்ளைக்குத் தினமும் சத்தமாக வாசிக்கும் பயிற்சிதான் முதலில் வேண்டும். இரண்டிலும் புரியவில்லை என்றால் சொற்களும் விஷயமும் பழக்கமில்லை. காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

படி 2: பத்தி

நூறு, நூற்றைம்பது சொல் போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக, நான்கு நிலைகளாகப் பிரித்து இருக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் நிலையில் தொடங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். கடையில் விற்கும் வினா விடை கைடு வேண்டவே வேண்டாம். பிள்ளை அதில் பதிலைத்தான் வாசிக்கும். மொபைலிலும் வாசிக்க விடாதீர்கள். காகிதமும் பென்சிலும் அவசியம், ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

நான் சொந்தமாகவும் பத்தி எழுதினேன். "தானே" என்ற புயல் பற்றி. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. இந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு அடிபடும். வாசிக்கும் முன்னால் ஒரு நிமிடம் அதைப் பற்றிப் பேசவிடுங்கள். எங்கள் குழுவிலேயே மெதுவாக வாசிக்கும் பையன் ஒருவன் இந்தப் பத்தியில் எல்லோரையும் முந்தினான். அவன் தாத்தாவுக்குப் பண்ருட்டி அருகே முந்திரித் தோப்பு. ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் பேஸ்பால் பத்தி கொடுத்துச் சோதித்தபோதும் இதையே கண்டார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

படி 3: ஒவ்வொரு வினைக்கும் "யார்?"

நான் இரண்டு மாதம் திண்டாடிய இடம் இது. பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்:

"சாய்ந்த பலாவை வெட்டி விற்றுவிட்டு, அதே இடத்தில் நட்ட கன்று காய்க்கும்வரை நிலக்கடலை பயிரிட்டுச் சமாளித்தார்."

"எது காய்க்கும்வரை?" என்று கேட்டேன். "நிலக்கடலைம்மா" என்றாள் மகள். கடினமான சொல் ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்தான் புரியவில்லையோ என்று அகராதியை எடுத்து உட்கார்ந்தேன், சொற்பொருள் எழுதவைத்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். இந்த ஒரு வாக்கியத்தில் ஏழு வினைகள் இருக்கின்றன. சாய்ந்தது பலா, காய்ப்பது கன்று, மீதி ஐந்தையும் செய்தது ஒரு மனிதர். அந்த மனிதரைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை. கடைசியில் "சமாளித்தார்" என்பதில் ஒட்டியிருக்கும் "ஆர்"தான் அவர். அதுவரைக்கும் எல்லாவற்றையும் பிள்ளை மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் பாரம் தெரிவதில்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். வாக்கியத்தின் கடைசி வினையை முதலில் வட்டமிடச் சொல்லுங்கள். அது யார் செய்தது? முந்தைய வாக்கியத்தில் தேடி அம்புக்குறி போடட்டும். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு வினையாக வந்து, மேலே "யார்" அல்லது "எது" என்று பென்சிலால் எழுதட்டும். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும். நீளமான சொல் வந்தால் வெட்டிக் காட்டுங்கள்: "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது "போய், கொண்டு, இருந்தவர்களிடம், இருந்து". மூன்று வாரத்தில் மகள் பென்சில் இல்லாமலே செய்ய ஆரம்பித்தாள்.

படி 4: வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, "ஆயாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். புத்தகத் தமிழிலேயே ஒப்பித்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். "மரம் விழுந்துடுச்சு, வெட்டி வித்துட்டாரு, புதுசா வெச்ச கன்னு காய்க்கிற வரைக்கும் மல்லாட்டை போட்டாரு" என்று மகள் சொன்ன அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிலக்கடலை அவள் வாயில் மல்லாட்டையாக மாறிவிட்டது, அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

படி 5: கேள்வி

பத்தியில் நேரடியாக இருப்பதை ஒன்று கேளுங்கள், சொல்லாமல் விட்டதை இரண்டு கேளுங்கள். "அவர் ஏன் மல்லாட்டை போட்டார்?" இதற்குப் பதில் எங்கும் எழுதியில்லை. பலாக்கன்று காய்க்கச் சில வருஷம் ஆகும், அதுவரை வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று பிள்ளைதான் கோக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல், "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பாதி நேரம் தானே திருத்திக்கொள்ளும். வாரம் ஒருநாள் பிள்ளைகளே கேள்வி தயாரித்து ஒருவரை ஒருவர் கேட்கட்டும்.

பின்சேர்க்கை: பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் செயலி போதாதா என்று இருவர் கேட்டிருந்தார்கள். உச்சரிப்புக்கும் வேகத்துக்கும் நல்ல செயலி, முதல் படியில் எழுத்துக்கூட்டித் தடுமாறிய பிள்ளைக்குக் கொடுங்கள். நான்காம் படிக்கு எதிரில் ஓர் ஆள் உட்கார வேண்டும்.

இன்னொன்று: புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பையனின் அம்மா, ஆங்கிலப் பத்திக்கு மூன்றாம் படி பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். சரிதான், ஆங்கிலத்தில் ஆள் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். அங்கே வினையை விட்டுவிட்டு "ஹி", "இட்", "தே" போன்ற சொற்களை வட்டமிட்டு, யாரைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடவையுங்கள். நான்காம் படியை மட்டும் தமிழிலேயே வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி எழுதினார்: பையன் ஆங்கிலப் பத்தியைத் தமிழில் சொல்கிறான், "இட்" வரும் இடத்தில்தான் இன்னும் தடுமாறுகிறான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இன்னும் இரண்டு வாரம் அம்புக்குறியை நிறுத்தாதீர்கள்.