பாலைமண் காசும் வாவி ஈரமும்

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்காற்று வீசும் வீடு எங்களுடையது. ரோமப் பேரரசர் கொன்ஸ்டன்டைன் காலத்து (306–337) வெண்கலக் காசு ஒன்று வைத்திருக்கிறேன். எழுத்துகளின் இடுக்கில் பாலைமண் பொன்னிறமாய் உறைந்திருக்கும். அந்த அழகுக்காகவே வாங்கினேன். மாரி தொடங்கியதும் ஓரத்தில் வெளிர்பச்சைத் தூள். உலோகத்துள் இருக்கும் குளோரைடு உப்பு, ஈரம் பட்டால் வெண்கலத்தை அரிக்கும் நோய் அது.

"தேசிக்காய்ப் புளியில் ஊறப்போடு தம்பி" என்றார் பெரியம்மா. போட்டிருந்தால் அந்த மண் முழுதும் போயிருக்கும்.

உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் பச்சைத் தூளை மட்டும் சுரண்டினேன், கை நடுங்க நடுங்க. அப்புறம் இறுக்கமான போத்தலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தேன். உள்ளே சிறு ஈரப்பதமானி. 40 சதவீதத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுகிறேன். இரண்டு மாரி கடந்தும் பச்சை வரவில்லை.