கணினிக்குள்ளிருந்து வரும் சத்தத்தின் மூலத்தைக் கண்டறிவது எப்படி?

மேசைக் கணினியின் உள்ளே அசையும் பாகங்கள் மிகச் சிலவே. ப்ராசசரின் மேலுள்ள மின்விசிறி, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்விசிறி, கேபினட்டில் பொருத்தப்பட்ட ஒன்றிரண்டு மின்விசிறிகள், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதிலுள்ளவை, ஹார்டு டிஸ்க், பழைய கணினியானால் டிவிடி டிரைவ், இவ்வளவுதான். புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் அது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றிலிருந்தோ, அசையாமலேயே ஒலியெழுப்பும் மின்சுருள்களிலிருந்தோ, தளர்ந்துபோன ஒரு திருகிலிருந்தோதான் வருகிறது. எது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் சோதிக்கும் வரிசை முக்கியம், ஏனெனில் இவற்றுள் ஹார்டு டிஸ்க்கின் கோளாறு மட்டும் நாம் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியதன்று. மின்விசிறி கெட்டால் கடையில் வேறொன்று வாங்கி மாட்டலாம். டிஸ்க்கில் மட்டும் இருந்த குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உங்கள் கணினியில், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மட்டுமே இருக்குமானால், அதில் சுழலும் பாகமே கிடையாது என்பதால், இந்தக் கவலையை விட்டுவிட்டு மின்விசிறிகள் பற்றிய பகுதிக்கே சென்றுவிடலாம்.

பெட்டியைத் திறக்கும் முன், சத்தம் அதற்குள்ளிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேசைக்கடியில் கேபினட்டும் யுபிஎஸ்ஸும் ஒட்டி நிற்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மாலையில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து இறங்கி ஏறும்போதெல்லாம் யுபிஎஸ்ஸின் உள்ளே ரிலே என்னும் தானியங்கிச் சுவிட்ச் மாறி ‘டக்’ என்று ஒலிக்கும். அதைக் கேட்டு ஹார்டு டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. ஸ்பீக்கரை அணைத்தவுடன் நின்றுவிடும் இரைச்சல் கணினியின் கோளாறு அன்று. அருகில் வைத்த கைப்பேசி 2ஜி அலைவரிசையில் இயங்கும்போது ஸ்பீக்கரில் எழும் ‘டிடிட் டிடிட்’ ஓசையும் அவ்வாறே. கைப்பேசியை நகர்த்தி வைத்தால் போதும்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். கணினியை இயக்கிய உடனே தொடங்கிப் பத்து நிமிடத்தில் அடங்குகிறதா, வேலைப்பளு கூடும்போது மட்டும் எழுகிறதா, ஒரு கோப்பைத் திறக்கும் நேரத்தில் கேட்கிறதா, எதுவும் செய்யாதபோதும் சீராகக் கேட்கிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மீதிக்குக் காதை நம்பலாம். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தடித்த காகிதத்தைக் குழாய்போல் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் வைத்துக் கேட்டால், அறை முழுவதும் பரவியிருந்த ஒலி எந்த இடத்தில் வலுக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். சிலர் நீண்ட ஸ்க்ரூடிரைவரை இதற்குப் பயன்படுத்துவார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மதர்போர்டின் மேல் உலோகக் கம்பியை நீட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மூடியைக் கழற்றியதுமே சத்தம் நின்றுவிட்டால், அதிர்ந்துகொண்டிருந்தது அந்த மூடியேதான். திருகுகளை இறுக்கி மாட்டினால் வேலை முடிந்தது.

இப்போது ஹார்டு டிஸ்க். மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கின்றன. 5400 முறை சுழல்பவையும் உண்டு. ஆகவே தாழ்ந்த, மாறாத ஒரு ரீங்காரம் அவற்றுக்கு இயல்பானது. கோப்புகளைப் படிக்கும்போது எழும் மெல்லிய ‘கறகற’ ஓசையும், சும்மா இருக்கும்போது, சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் படிப்புமுனைகள் தம் இருப்பிடத்துக்குத் திரும்புவதால் எப்போதாவது கேட்கும் ஒற்றை ‘டிக்’ ஓசையும் பயப்பட வேண்டியவை அல்ல. பயப்பட வேண்டியது, கடிகாரத்தைப் போலச் சீரான இடைவெளியில் ‘டக்… டக்… டக்’ என்று திரும்பத் திரும்ப வரும் சத்தம். தட்டில் எழுதப்பட்டுள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிப்புமுனையால் படிக்க முடியாதபோது, அது தொடக்க இடத்துக்குத் திரும்பி மறுபடி மறுபடி முயல்கிறது. நாம் கேட்பது அந்த முயற்சியைத்தான். கூடவே கோப்புறை திறக்க நெடுநேரம் எடுப்பது, திரை உறைந்து நிற்பது, சில சமயம் டிஸ்க்கே பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையில் தெரியாமல் போவது ஆகியவையும் சேர்ந்துகொண்டால் ஐயத்துக்கு இடமில்லை. உலோகம் உராய்வது போன்ற ‘கிறீச்’ ஓசை இதைவிட மோசமானது. அதைக் கேட்டால் அந்த நொடியே கணினியை அணைத்துவிடுங்கள்.

டக் டக் சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது, டிஸ்க் இன்னும் படிக்க வருகிறது என்றால், முதல் வேலை நகலெடுப்பது, ஆராய்ச்சியெல்லாம் பிறகு. அளவில் சிறிய, மீட்க முடியாத ஆவணங்களையும் படங்களையும் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், திரைப்படங்கள் காத்திருக்கலாம். நகல் கைக்கு வந்தபின் விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் குறிப்பைப் பார்க்கலாம். அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள் முக்கியமானவை. முதலாவது, பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளையும், மற்ற இரண்டும் படிக்க முடியாமல் திணறும் பகுதிகளையும் எண்ணிக்காட்டுகின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றைப் பதினாறடி எண்முறையில் 05, சி5, சி6 என்று காட்டும். எண்ணிக்கை சுழியத்துக்கு மேல் ஏறி, நாளுக்கு நாள் கூடினால், அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. ஆனால் எல்லாம் சுழியமாக இருப்பதாலேயே டிஸ்க் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது; குறிப்பில் எதுவும் பதிவாகாமலே செத்துப்போகும் டிஸ்க்குகள் பல உண்டு.

மின்சாரம் போதாமையாலும் டிஸ்க் இவ்வாறு தட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு மின்கம்பியையும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வேறொரு சாட்டா கேபிளையும் மாட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கும் நிற்காவிட்டால், சத்தமிடும் டிஸ்க்கின் மேல் ‘செக்டிஸ்க்’ போன்ற பழுதுபார்ப்புக் கட்டளைகளை ஏவாதீர்கள். தளர்ந்துவிட்ட படிப்புமுனையைத் தட்டு முழுவதும் ஓட வைப்பதால் எஞ்சியிருப்பதும் போய்விடும். டிஸ்க்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்ற பழைய யோசனையை நம் ஊர் ஈரப்பதத்தில் யாரும் முயலாதிருப்பது நல்லது, வெளியே எடுத்த உடனே அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறப்பதோ அதைவிடத் தீங்கு. படிப்புமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. வீட்டுக் காற்றிலுள்ள ஒரு தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. நகலெடுக்க முடியாத முக்கியமான தரவு இருந்தால், டிஸ்க்கை மீண்டும் இயக்காமல் தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே வழி.

நடைமுறையில் வீட்டுக் கணினிச் சத்தங்களுள் பெரும்பான்மை மின்விசிறிகளிலிருந்தே வருகின்றன. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டுப் பாருங்கள். சுழற்சியின் வேகத்துக்கேற்ப ‘டர்ர்ர்’ என்று ஒலிப்பது இறக்கையில் ஏதோ இடிப்பதன் அடையாளம். பெரும்பாலும் அது தொங்கும் கேபிளாக இருக்கும், அரிதாக எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கத் துளை வழியே நுழைந்த பல்லியாகவும் இருக்கும். இறக்கைகளில் தூசி ஏறி எடை சமன் குலைந்தால் ‘கடகட’ என்ற அதிர்வு வரும். ஊதுபத்திப் புகையோ தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கோ சேரும் அறைகளில் இந்தத் தூசி ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஊதினால் மட்டும் போகாது. மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் காற்றழுத்தத்தில் தன் வரம்பை மீறிச் சுழலும் மின்விசிறியின் பேரிங் அப்போதே கெட்டுவிடக்கூடும்.

காலையில் இயக்கியவுடன் முனகி, பத்து நிமிடத்தில் சூடேறியதும் அமைதியாகும் மின்விசிறியில் பேரிங்கின் எண்ணெய் வற்றிவிட்டது என்று கொள்ளலாம். விலை குறைந்த மின்விசிறிகளின் நடுவிலுள்ள ஒட்டுத்தாளை மெதுவாக உரித்தால், சிலவற்றில் அடியில் சிறு ரப்பர் மூடியும் அதற்குள் தண்டின் முனையும் தெரியும். அங்கே தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டினால் சில காலம் ஓடும். கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயை மட்டும் விட வேண்டாம். அது ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் மின்விசிறி திணறுவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும். எப்படியும் இது தற்காலிகத் தீர்வே. புதியது வாங்கும் முன் பழையதன் சட்டத்தை விளிம்புக்கு விளிம்பு அளந்து (80, 92, 120 மில்லிமீட்டர் அளவுகள் பரவலானவை), கம்பி முனையில் மூன்று பின்களா நான்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் எந்த மின்விசிறி என்பதாக இருந்தால், கணினியை அணைத்துவிட்டுக் கேபினட் மின்விசிறிகளின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிறிது நேரம் இயக்கிப் பார்க்கலாம். ப்ராசசர் மின்விசிறியை அவ்வாறு கழற்றக் கூடாது. மாறாக பயாஸ் அமைப்பில் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, சத்தமும் உடன் மாறுகிறதா என்று கேளுங்கள். மின்விசிறி நன்றாகவே இருந்து, ஓயாமல் உச்ச வேகத்தில் இரைந்தால், குறை வெப்பத்தில் இருக்கிறது. ப்ராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்த இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். இன்டெல் ப்ராசசரோடு வரும் கூலராக இருந்தால், அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களுள் ஒன்று மதர்போர்டிலிருந்து விடுபட்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மின்விசிறியே சத்தமிட்டால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.

மற்றவை எளியவை. பக்கத்தை உருட்டும்போதோ விளையாட்டின் தொடக்கத் திரையிலோ ‘உய்ய்’ என்ற மெல்லிய கூச்சல் எழுந்து, வேலைப்பளுவோடு சுருதி மாறினால், அது கிராபிக்ஸ் கார்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ உள்ள மின்சுருள் அதிர்வதால் வருவது. எரிச்சலூட்டுமே தவிர ஆபத்தில்லை. விளையாட்டின் அமைப்புகளில் வி-சிங்க் என்ற தெரிவை இயக்கி, நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கையான சட்டக வேகத்தைத் திரையின் 60 ஹெர்ட்ஸுக்குள் அடக்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும். கணினி இயங்காமல் ‘பீப் பீப்’ என்று மட்டும் கூவினால், தற்காலிக நினைவகமான ராமையோ கிராபிக்ஸ் கார்டையோ மதர்போர்டு உணரவில்லை என்பதே வழக்கமான காரணம். நீள்கூவலும் குறுங்கூவலும் எதைக் குறிக்கின்றன என்பது பயாஸுக்குப் பயாஸ் வேறுபடும் என்பதால் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். அதற்கு முன், ராமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, இருபுறமும் கொக்கி விழும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள். ‘பட்’ என்ற வெடிப்போசையும் கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதானால் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் வீட்டில் வந்த சத்தம் கடையின் மேசையில் வராமல் போவது சாதாரணம். இயக்கியது முதல் எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, எந்த வேலையின்போது கூடுகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். குறை மின்விசிறியிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோதான் என்பது உறுதியாகிவிட்டால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்கலாம். அந்தப் பழுதைப் பார்க்க அவருக்கு அது தேவைப்படாது.