டிஎஸ்எல்ஆரை விற்பதற்கு முன்: மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று எங்கள் வேலூரைக் கிண்டலடிக்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது. பட்டியலில் காலியான இடத்துக்கு இப்போது கண்ணாடி இல்லாத கேமரா, அதாவது மிரர்லெஸ், வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக மாறிக்கொண்டிருக்கிறார்கள். நானும் நிகான் டி7200 என்ற டிஎஸ்எல்ஆரை ஓரம்கட்டிவிட்டு இசட்50 என்ற மிரர்லெஸ் வாங்கினேன்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நேராக நம் கண்ணுக்கு வரும். கேமராவை ஆஃப் செய்திருந்தாலும் எதிரில் நிற்பவர் தெரிவார். மிரர்லெஸ்ஸில் படத்தைப் பதியும் சென்சார் எந்நேரமும் விழித்திருந்து, தான் பார்த்ததை ஒரு குட்டித் திரையில் காட்டுகிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இருப்பது சின்ன டிவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைப்பழக்கத்தோடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நான் விழுந்தது முதல் ரிசப்ஷனிலேயே. குடியாத்தத்தில் ஒரு மண்டபம். குடை லைட் இரண்டு, அவற்றைத் தூரத்திலிருந்து எரியவைக்கக் கேமரா மேல் மாட்டும் ட்ரிக்கர் ஒன்று, வழக்கமான செட்டிங்: ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160. கண்ணை வைத்தால் கும்மிருட்டு. மாப்பிள்ளையும் தெரியவில்லை, பொண்ணும் தெரியவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றினேனா என்று இரண்டு முறை பார்த்தேன். "இன்னா தம்பி, புது கேமரா படுத்துக்கிச்சா?" என்று கேட்டார் வீடியோ எடுக்க வந்திருந்த அண்ணன். கேமரா நன்றாகத்தான் இருந்தது. அந்த செட்டிங்கில் பிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் எவ்வளவு இருட்டாக வருமோ, அதை ஒளிக்காமல் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதே கம்பெனி பிளாஷை மேலே மாட்டினால் பல கேமராக்கள் தானாகப் புரிந்துகொண்டு திரையை வெளிச்சமாக்கிவிடும். நடுவில் ஒரே ஒரு முனை உள்ள சாதா ட்ரிக்கரை மாட்டினால் பிளாஷ் வரப்போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? மெனுவில் நாம்தான் சொல்ல வேண்டும். நிகானில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ', கேனனில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்', சோனியில் 'செட்டிங் எஃபெக்ட்' என்று இருக்கும். ஸ்டேஜில் அதை ஆஃப் செய்யுங்கள். பிளாஷ் இல்லாமல் வெளியே எடுக்கும்போது மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. திரையின் வெளிச்சத்தை நம்பி எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம்) முடிவு செய்வது. சாயங்காலம் கோட்டை அகழியோரம் எடுக்கும்போது சுற்றிலும் இருட்டுவதால் வியூஃபைண்டரில் படம் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது வெளிச்சம் பாதியாக இருக்கும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திரை ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். மிரர்லெஸ்ஸில் கிளிக் செய்வதற்கு முன்பே அது தெரிவது பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். "அடாப்டர் போட்டால் எல்லா லென்ஸும் ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. மவுண்ட் என்பது பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம். நிகானின் பழைய எஃப் மவுண்ட்டில் அந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மில்லிமீட்டர், புது இசட் மவுண்ட்டில் 16. நடுவில் உள்ள 30.5 மில்லிமீட்டரை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது. ஆனால் ஃபோகஸ் மோட்டாரும் அதில் இல்லை. நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் 50 எம்எம் எஃப்/1.8டி போன்ற லென்ஸ்களுக்குச் சொந்த மோட்டார் கிடையாது. டி7200 தன் பாடியில் இருக்கும் மோட்டாரால் அவற்றைத் திருகி ஃபோகஸ் செய்யும். அடாப்டரில் அவை கையால் திருகும் லென்ஸாகிவிடும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால் கவலையில்லை. கேனன்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1987-இல் இஎஃப் மவுண்ட் வந்த நாள் முதல் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆனால் கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவுக்கான லென்ஸைப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸில் மாட்டினால் இரண்டு கம்பெனியிலும் ஒரே கதைதான். 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகச் சுருங்கிவிடும்.

கழுத்துவலி தீரும் என்று மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடி இளைக்கும், லென்ஸ் இளைக்காது. டி7200 பாடி மட்டும் 675 கிராம், இசட்50 395 கிராம். கேனனின் 24-70 எஃப்/2.8 லென்ஸைப் பாருங்கள். டிஎஸ்எல்ஆருக்கான இரண்டாம் பதிப்பு 805 கிராம், மிரர்லெஸ்ஸுக்கு வந்தது 900 கிராம். நடுக்கம் குறைக்கும் பகுதி சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். சின்ன பாடியில் பெரிய ஜூமை மாட்டினால் தலை கனத்துக் கவிழும், சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடம் இருக்காது. முகூர்த்தம் முடிவதற்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். சின்ன பாடி வேண்டும் என்றால் 35 எம்எம் மாதிரி சின்ன லென்ஸோடு யோசியுங்கள்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானிய கேமரா கம்பெனிகளின் சங்கமான சிபாவின் அளவீட்டின்படி டி7200-க்கு ஒரு சார்ஜில் 1110 படம், இசட்50-க்கு 300-ஐ ஒட்டித்தான். தொடர்ந்து எடுக்கும் கல்யாணத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும் என்றாலும் மூன்று பேட்டரி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மே மாதம் வெயிலூரில் கேமராவை பைக் பெட்டியில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூடேறிய பாடியில் 4கே வீடியோ ஓடவிட்டால் பாதியிலேயே நின்றுபோகலாம்.

சத்தமில்லாத ஷட்டர் புதிதாக மாறியவர்களுக்கு ஒரு போதை. தாலி கட்டும் நேரத்தில் 'டப்டப்' சத்தம் இல்லை, ஐயரும் முறைக்க மாட்டார். ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் ஆள் நகர்ந்தால் உருவம் கோணலாகும். வேகமாக இறங்கும் தவில் குச்சி வளைந்து தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அதனால்தான் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருப்பு விழுகிறது. 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்டேஜுக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரைகள் அவரவர் இஷ்டத்துக்கு மினுக்குபவை. அங்கே முன்கூட்டியே நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பல கேமராக்களில் சத்தமில்லா நிலையில் பிளாஷும் எரியாது.

தூசி: லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கும். பாடியைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள், வாயால் ஊதாதீர்கள், ரப்பர் புளோயர் போதும். இசட்50-இல் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதியும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேனன் எம்50 மாதிரி இஎஃப்-எம் மவுண்ட் கேமராவையோ நிகான் 1 வரிசையையோ வாங்குவதை நான் தடுப்பேன். அவற்றின் லென்ஸ்கள் இன்றைய கேனன் ஆர்எஃப், நிகான் இசட் பாடிகளில் பொருந்தாது.

அப்புறம், கார்டு. சின்ன மிரர்லெஸ் பலவற்றில் ஒரே ஸ்லாட்தான். டி7200-இல் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும், ஒன்று செத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒற்றைக் கார்டோடு போக எனக்குத் தைரியம் இல்லை. பழைய பாடியை விற்கப் போனால் கிடைக்கும் விலையும் மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் முக்கியமான சடங்குகளுக்கு இன்னமும் டி7200 தோளில் தொங்குகிறது, அதில் அந்த 50 எம்எம்மும்.