குண்டை எறியக் கூடாது: பள்ளி மாணவர்களுக்கு ஷாட் புட் பழக்கும் முறை

'குண்டு எறிதல்' என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. எறி என்றால் பிள்ளைகள் கிரிக்கெட் பந்தை எறிவதுபோல் முழங்கையைக் கீழே விட்டு, கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசுவார்கள். விதிப்படி அது ஃபவுல். நாலு கிலோ இரும்பை அப்படி வீசினால் முழங்கையும் வலிக்கும். இலங்கையில் சொல்லும் 'குண்டு போடுதல்' கொஞ்சம் பரவாயில்லை. உண்மையில் இது தள்ளுதல். முதல் நாளே அந்தச் சொல்லைப் பழக்கிவிடுங்கள்.

ஆரம்பத்தில் இரும்புக் குண்டு வேண்டாம். ஆறு, ஏழாம் வகுப்புக்கு 2 கிலோ மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) போதும். முறை பிடிபட்ட பிறகு 3 கிலோ. 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் பெண்களுக்கு 3, ஆண்களுக்கு 5 கிலோ. போட்டி எடையிலேயே பழகினால்தான் பலம் வரும் என்று நினைத்து முதல் வாரமே 5 கிலோவைக் கொடுத்தால், பையன் எடையைச் சமாளிக்க உடம்பைக் கோணுவான். அந்தக் கோணல் பிறகு போகவே போகாது.

வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். குண்டு விழ வேண்டிய பகுதியின் எல்லைக்கோடுகளுக்கு இடையிலான கோணம் 34.92 டிகிரி. இதற்குக் கோணமானி தேவையில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து 10 மீட்டர் கயிறு இரண்டை இழுத்து, அவற்றின் நுனிகளுக்கு இடையே சரியாக 6 மீட்டர் இருக்கும்படி வைத்தால் கோணம் அமைந்துவிடும். காத்திருப்பவர்கள் வட்டத்துக்குப் பின்னால் 3 மீட்டர் தள்ளி நிற்கட்டும். எல்லோரும் தள்ளி முடித்து நீங்கள் விசில் ஊதிய பிறகே குண்டை எடுக்கப் போக வேண்டும். குண்டைக் கையில் கொண்டுவர வேண்டும், உருட்டிவிடக் கூடாது.

பிடியைச் சரிபார்க்கச் சாக்பீஸ் தூள் உதவும். குண்டில் தூளைத் தடவிக் கொடுங்கள். நடு மூன்று விரல்களின் அடிப்பகுதியில் குண்டு உட்கார வேண்டும், பெருவிரலும் சுண்டுவிரலும் பக்கத்தில் அணைத்துக்கொள்ளும். தள்ளி முடித்ததும் கையைப் பாருங்கள்: விரல் அடியில் வெள்ளை, உள்ளங்கை சுத்தம், தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு வெள்ளைத் தடம். உள்ளங்கை வெளுத்திருந்தால் கடைசி நேரத்து விரல் சொடுக்கு கிடைக்காது. கழுத்தில் தடமே இல்லையென்றால் குண்டு விலகியே இருந்திருக்கிறது.

அடுத்தது நின்ற இடத்திலிருந்து தள்ளுவது. அதிக நாட்களை இதற்கே செலவிடுங்கள். வலக்கைக்காரருக்கு வலது பாதம் வட்டத்தின் நடுவில், இடது பாதம் வட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் தடுப்புப் பலகை அருகில். இரண்டுக்கும் இடையே தோள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. வலது குதிகாலும் இடது பெருவிரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். வலது முழங்கால் மடங்கி, எடை முழுக்க அதன் மேல் இருக்கும். முகமும் மார்பும் பின்பக்கம் பார்க்கும். மேலிருந்து நூல் விட்டால் தாடை, முழங்கால், கால் நுனி மூன்றும் அதில் விழும்.

இங்கிருந்து வலது குதிகால் வெளியே திரும்பும், இடுப்பு திரும்பும், மார்பு நிமிரும், இடது கால் தூணாக விறைக்கும். அதற்குப் பிறகுதான் கை. முழங்கை குண்டுக்கு நேர் பின்னால், தோள் உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கையை முதலில் நீட்டிவிடுவார்கள், அப்போது காலின் பலம் குண்டுக்குப் போய்ச் சேராது. இதைத் திருத்த, கைகளைக் கட்டிக்கொண்டு வெறும் காலும் இடுப்பும் திரும்புவதைப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். இடது பாதத்தை அதிகம் இடப்பக்கம் வைப்பவர்கள் அந்தப் பக்கமே சாய்ந்து விழுவார்கள். கோட்டுக்கு வலப்பக்கம் வைத்தால் இடுப்பு திரும்பாமல் மாட்டிக்கொள்ளும்.

குண்டு தட்டையாகப் போகிறதா? வாலிபால் கம்பங்களுக்கு இடையே 2.43 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, 2 மீட்டர் பின்னால் நின்று அதற்கு மேலே தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கோணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டியதில்லை.

சறுக்கு முறை இதற்குப் பிறகுதான். முதுகைத் தள்ளும் திசைக்குக் காட்டி நிற்கும் இந்த முறையை 1950களில் அமெரிக்காவின் பாரி ஓ'பிரையன் பிரபலமாக்கினார். வலது காலில் குனிந்து, இடது காலைத் தாழ்வாகப் பலகை நோக்கி நீட்டி, வலது பாதத்தை நடுவட்டத்துக்கு இழுக்க வேண்டும். மேலே குதிக்கக் கூடாது. தோள் முன்கூட்டியே திறந்துகொண்டால், பின்னால் ஒரு மாணவனை நிறுத்தி, வலது பாதம் தரையைத் தொடும்வரை தள்ளுபவனின் இடக்கையை மெல்லப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சறுக்கித் தள்ளும் தூரம் நின்று தள்ளும் தூரத்தைவிடக் குறைந்தால், இரண்டு வாரம் பழையபடி நின்றே தள்ளட்டும். வட்டத்துக்குள் சுழன்று வந்து தள்ளும் சுழல் முறையைப் பள்ளி ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். ஒரு வகுப்பில் ஆளுக்கு 12 முதல் 15 தள்ளல் போதும்.

தடுப்புப் பலகையின் உள்பக்கத்தைக் கால் தொடலாம், மேற்பரப்பை மிதித்தால் ஃபவுல். குண்டு தரையில் விழுந்த பிறகே வட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும், அதுவும் பின்பாதி வழியாக. அளக்கும்போது டேப்பின் பூஜ்யம் குண்டு விழுந்த தடத்தில் வட்டத்துக்கு அருகிலுள்ள விளிம்பில். மறுமுனையை வட்டத்தின் மையம் வழியாக இழுத்து, பலகையின் உள்விளிம்பில் வாசியுங்கள். சென்டிமீட்டருக்குக் கீழே மிஞ்சுவதை விட்டுவிடுங்கள்.